புயலுக்கு நான் தயாரான லட்சணம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருஷமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். மூன்று தடவை நோட்டை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, ‘சிவமயம்’ என்று எழுதி, அதற்குமேல் ஒரு வரி ஓடாமல் மூடி வைத்திருக்கிறேன். (அந்த மூன்று தாளையும் கிழிக்க மனசு வரவில்லை. சாமி பேர் எழுதிய தாளாயிற்றே. பீரோவில் கிடக்கின்றன.) நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் மட்டும் இருக்காது.

எங்கள் ஊர், ஆவுடையார்கோவிலிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருபது வருஷம் கம்பி கட்டினார். திரும்பி வரும்போது ஒரு கான்கிரீட் வீடு கட்டுகிற அளவுக்குப் பணமும், அந்த வீட்டின் மாடிப்படி ஏற முடியாத அளவுக்கு மூட்டுவலியும் கொண்டுவந்தார். முன்பக்கம் இரண்டு அறை சும்மா கிடந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற எங்கள் மகன் அதைப் படம் பிடித்து செல்போனில் ஏற்றிவிட்டான். கோயில் சிற்பம் பார்க்க வருகிறவர்களும் கடல் பார்க்க வருகிறவர்களும் ஒரு நாள் இரண்டு நாள் வாடகைக்குத் தங்க ஆரம்பித்தார்கள்.

மகன் ஒரு நாள் போனில் சொன்னான். “யம்மா, கடலோரம் இருக்கோம். வர்றவங்க வெளியூர்க்காரங்க. புயல் கியல் வந்தா என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரியாது. ஒரு பாதுகாப்புக் குறிப்பு எழுதிக் கதவுல ஒட்டும்மா.”

எனக்கு வந்த பெருமையைக் கேட்கவா வேண்டும்? பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். செருப்பை வாசலில் விடவும். புயல் வந்தால் ஜன்னல் பக்கம் நிற்கக் கூடாது. ஈரத்துணியைக் கட்டில்மேல் போடக் கூடாது. புயலின்போது பயப்படாமல் சிவசிவ என்று சொல்லவும். முட்டை, மீன் சமைக்க அனுமதி இல்லை. டார்ச் லைட் அலமாரியில் இருக்கிறது, எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்கவும். கடைசியில் பெரிய எழுத்தில், ‘இந்த வீட்டில் உங்களுக்கு எந்தக் குறையும் வராது’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த அடிக்கோட்டை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அந்தப் புயல் வருவதற்கு முதல் நாள் காலையில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். திருப்பூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர், எழுபது வயதிருக்கும். கூட அவர் மகள் மேகலா. கோயிலுக்கு வந்திருக்கிறோம் என்றார்கள். பெட்டியை வைத்துவிட்டு, ஒரு துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினார்கள். ‘கோயில் மேற்கே இருக்கிறது, இவர்கள் ஏன் கிழக்கே போகிறார்கள்?’ என்று தோன்றியது. ஆனால் அன்று யோசிக்க எனக்கு எங்கே நேரம்? ஆட்டோவில் மைக் கட்டிப் புயல் எச்சரிக்கை சொல்லிக்கொண்டு போனார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தண்ணீர் சேர்த்து வைக்க வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். அண்டா, குடம், வாளி, குக்கர், இட்லிக் கொப்பரை எல்லாவற்றிலும் நிரப்பினேன். என் வீட்டுக்காரர் டீ குடிக்க டம்ளர் கேட்டார். எல்லா டம்ளரிலும் தண்ணீர் இருந்தது. மகன் போன் செய்தான். “மாடித் தொட்டியில தண்ணி நெறைய இருக்கட்டும்மா. வெயிட்டா இருந்தாத்தான் காத்துக்கு நிக்கும்.” அவன் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பாத்திரத்தையும் நான் நிரப்பியதே அந்தத் தொட்டியைக் காலி செய்துதான். மறுபடி ஏற்றலாம் என்று மோட்டார் போடப் போனால் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். பார்த்தேன், என் பழைய பச்சை நைலக்ஸ் சேலை இரண்டை முறுக்கி, காலித் தொட்டியை மாடிக் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

கீழே நின்று பார்த்த என் வீட்டுக்காரர், “என்ன புள்ள, தொட்டிக்கு வளைகாப்பா?” என்றார்.

“ஒங்களால ஏற முடியலேல்ல, வாயையாவது மூடிக்கிட்டு இருங்க,” என்றேன்.

ஊர்க்கோயில் பொங்கல் பானை எங்கள் பொறுப்பில் இருந்தது. பெரிய வெண்கலப் பானை. அதைப் பட்டுத்துணியில் சுற்றி, மோட்டார் ரூமில் பத்திரமாக வைத்துப் பூட்டினேன். மோட்டார் ரூம் சின்னதுதான். ஆனால் நாலு பக்கமும் கான்கிரீட், பூனைகூட நுழைய முடியாது.

மத்தியானம் அந்த இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். போன வேகம் இல்லை. பெரியவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். மேகலாதான் என்னிடம் வந்தாள்.

“அக்கா, கடற்கரைக்கு யாரையும் விட மாட்டேங்கறாங்க. போலீஸ் திருப்பி அனுப்பிட்டாங்க.”

“அது நல்லதுக்குத்தாம்மா. நாளைக்கழிச்சு போயிக்கலாம். உள்ள வாங்க, ஐயாவ வரச்சொல்லு.”

அவள் கேட்டுக்கு வெளியே நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சொல்லிவிட்டாள். அந்தத் துணிப்பையில் இருந்தது அவள் அம்மாவின் அஸ்தி. அந்த அம்மாள் பிறந்தது எங்கள் பக்கத்துக் கடலோரக் கிராமம். இப்போது அங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. சாகும்போது, தன்னைப் பிறந்த ஊர்க் கடலில் கரைத்துவிடச் சொல்லியிருக்கிறார். காரியத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. அஸ்தி என்று சொன்னால் யாரும் வீடு தரமாட்டார்கள் என்றுதான் கோயிலுக்கு என்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குத் திக்கென்றது. தினம் இரண்டு வேளை விளக்கேற்றுகிற வீடு. பிரதோஷம் தவறாமல் ஆவுடையார்கோவில் போய் வருகிறவள் நான். அஸ்திக் கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்பதுதான் எங்கள் பக்கத்து முறை. அதற்காக, தீட்டோடு வந்தவர்கள் என்று அவர்களை வெளியே தள்ளவில்லை. (இதை அன்றைக்குப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.) “நீங்க ரெண்டு பேரும் தாராளமா இருங்க. அது மட்டும் உள்ள வேணாம். வாசல் வேப்பமரத்துல கட்டிருங்க,” என்றேன்.

மேகலாவின் முகம் சிவந்தது. “அக்கா, புயல் வருதுங்கறாங்க. மரத்துல கட்டுனா என்னாகும்?”

பெரியவர் அவளைக் கையமர்த்தினார். “விடு சாமி. முறைன்னு ஒண்ணு இருக்குதல்லோ. அம்மிணி நம்மள உள்ள விட்டதே பெருசு.” அவரே கேட்டோரத்து வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில், துணிப்பையோடு கலயத்தைத் தொங்கவிட்டார். ஒரு முடிச்சுக்கு நாலு முடிச்சு போட்டார். பிறகு பையை லேசாகத் தட்டிக் கொடுத்தார், பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு இறங்குகிறவர் மாதிரி.

சாயங்காலம் தலையாரி வந்தார். “அக்கா, ஸ்கூல்ல எடம் போட்டிருக்கு. சோறு ஆக்குறாங்க. விருந்தாளிங்களயும் கூட்டிக்கிட்டு வந்துருங்க.”

“எங்க வீடு கான்கிரீட்டு தம்பி. ஓட்டு வீட்டுக்காரங்களக் கூட்டிட்டுப் போங்க. இங்கன எல்லாம் ரெடி,” என்றேன். கதவில் ஒட்டியிருந்த என் குறிப்பைக்கூடக் காட்டினேன். அவர் முழுசாகப் படித்துவிட்டு, “முட்டை ஏங்க்கா கூடாது?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் காற்று முழு வேகத்தில் அடிக்க ஆரம்பித்தது. நான் அதுவரை காற்று என்று நினைத்திருந்ததெல்லாம் விசிறிக் காற்று. வடக்கேயிருந்து வந்த அந்தச் சத்தம், நூறு லாரி வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. நான்கு பேரும் நடு ஹாலில் உட்கார்ந்தோம். நாற்பது மெழுகுவத்தி வாங்கி வைத்திருந்தேன். தீப்பெட்டி எல்லாம் நமுத்துப்போயிருந்தது. அலமாரியில் இருந்த டார்ச் லைட் ஒன்றுதான் வெளிச்சம். மாடியில் தட்தட் என்று ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. “ஒன் தொட்டி பொறப்பட்டுருச்சு,” என்றார் என் வீட்டுக்காரர்.

பெரியவர் மட்டும் ஜன்னல் பக்கம் போய்ப் போய் நின்றார்.

“ஐயா, ஜன்னல்கிட்ட நிக்கக் கூடாது. குறிப்புல போட்டிருக்குல்ல?”

“தெரியுமுங்க அம்மிணி. அவ அங்க ஆடறா பாருங்க. அதான்.” கொஞ்ச நேரம் கழித்து, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். “ஏனுங்க, வீட்டுக்குள்ள வேண்டாமுங்க. அந்த மோட்டார் ரூமுலயாவது வெச்சுக்கலாமுங்களா? நான் ஓடிப்போயி எடுத்தாந்தர்றேன்.”

“அங்க சாமிப் பானை இருக்குங்கய்யா,” என்றேன்.

அவர் “செரிங்க” என்றார். அவ்வளவுதான். மேகலா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வார்த்தை தெரியாது.

ஒன்பது மணி இருக்கும். யாரோ சுவிட்சை அணைத்தது மாதிரி காற்று நின்றது. ஒரு இலை அசையவில்லை. லேசாக வெயில்கூட வந்தது. எங்கேயோ ஒரு காக்கை கத்தியது. நான் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டேன். “அப்பனே, காப்பாத்திட்ட!”

என் வீட்டுக்காரர் பேட்டரி ரேடியோவைக் காதோடு வைத்திருந்தார். “ஏய், இரு இரு. இது புயலோட கண்ணாம். நடுவுல கொஞ்ச நேரம் நிக்குமாம். பொறவு எதிர்த்திசையில இருந்து அடிக்குமாம். யாரும் வெளிய வரக் கூடாதுங்கறான்.”

“கண்ணாவது மூக்காவது. புயலுக்கு ஏதுங்க கண்ணு? நாந்தான் விடிஞ்சதுலேருந்து வேண்டிக்கிட்டு இருக்கேன்ல?”

பெரியவர் என்னைப் பார்த்தார். ரேடியோவைப் பார்க்கவில்லை. “நின்னு போச்சுங்களா அம்மிணி?”

இந்த இடத்தை நினைத்துத்தான் மூன்று தடவையும் என் பேனா ஓடவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நின்னுருச்சுங்கய்யா. அப்பன் நிறுத்திட்டான். பயப்படாம போயிப் பாருங்க.”

கதவையும் நானே திறந்துவிட்டேன்.

முற்றமெல்லாம் ஓலையும் ஓடும். தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. வேப்பமரம் பாதிக் கிளையை இழந்திருந்தது. ஆனால் அந்தத் தாழ்ந்த கிளையும் துணிப்பையும் அப்படியே இருந்தன. பெரியவர் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “மேகலா, இருக்குது சாமி! உங்கம்மா இருக்கறா!” அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கப்புறம் ஒரு கல்யாண வீட்டில்கூடக் கேட்டதில்லை. முடிச்சை அவிழ்த்து, கலயத்தை வெளியே எடுத்து, ஈரத்தைத் தன் துண்டால் துடைத்தார். உள்ளே வரவில்லை. அங்கேயே மரத்தடியில் நின்றார். வரச் சொல்லி நான் சொல்லவில்லையே!

நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றிக்குத் தேங்காய் உடைக்கப் போனேன். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று அதைக் காட்டிக்கொண்டே வாசற்படிக்கு வந்தேன்.

அப்போது தெற்கே ஒரு இரைச்சல் கேட்டது. அடுத்த மூச்சில் கையிலிருந்த தேங்காய் மூடி பறந்துவிட்டது. கதவு என் தோளில் அறைந்தது. மேகலா, “அப்பா! ஓடியாங்க!” என்று கத்தினாள். வாசலுக்கும் மரத்துக்கும் பதினைந்து எட்டுதான் இருக்கும். அவர் ஓடி வந்திருக்கலாம். இரண்டு எட்டு எடுத்தும் வைத்தார். அப்புறம் நின்று, கலயத்தைக் கொஞ்சம் தூக்கி, என் முகத்தைப் பார்த்தார்.

கேட்டார். அந்தக் காற்றில் வாயால் கேட்க முடியாது, கலயத்தைத் தூக்கிக் காட்டிக் கேட்டார். ‘இதோடு வரலாமா?’

நான் “வாங்க” என்று கையை அசைப்பதற்கு ஒரு நொடி ஆயிற்று. வெறும் ஒரு நொடி. அந்த ஒரு நொடியும் நான் முறையைத்தான் யோசித்தேன். அதை மறைக்க மாட்டேன். கை அசைந்தபோது மரம் சாய்ந்துகொண்டிருந்தது.

அடிமரம் அவர்மேல் விழவில்லை, சிவன் புண்ணியம். ஒரு கிளை அவர் இடது காலில் விழுந்தது. மூட்டுவலிக்காரர் என்று நான் கேலி செய்த என் வீட்டுக்காரர்தான் மேகலாவோடு தவழ்ந்து போய் அவரை இழுத்து வந்தார். கலயம் நாலைந்து துண்டாகிக் கிடந்தது. சாம்பலைக் காற்று பாதி எடுத்தது. மிச்சம் முற்றத்துத் தண்ணீரில் ஒரு வெள்ளைக் கோடாகச் சுற்றிச் சுற்றி, சேற்றில் இறங்கிவிட்டது. பெரியவருக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. அவர் அதற்கு அழவில்லை. “தொலைச்சுப் போட்டேனே, தொலைச்சுப் போட்டேனே” என்றுதான் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டிலேயே பத்திரமான இடம் ஜன்னல் இல்லாத பூஜையறை. அவரை அங்கேதான் படுக்க வைத்தோம். என் கல்யாணப் பட்டுச் சேலையைக் கிழித்து, இரண்டு பலகை வைத்துக் காலைக் கட்டினோம். அடித்து ஓயும்வரை நான்கு பேரும் அந்தச் சின்ன அறையில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தோம். தீட்டு என்ற வார்த்தை அப்போது எனக்கு ஞாபகமே வரவில்லை. சுவரில் சிவபெருமான் படம், உடம்பெல்லாம் சுடுகாட்டுச் சாம்பலோடு. அவரைத்தான் நான் நாள் தவறாமல் கும்பிட்டு வந்திருக்கிறேன்.

சாலையெல்லாம் மரம். ஊர் ஆட்கள் அரிவாளும் ரம்பமுமாக வந்து, அறுத்து வழி பண்ணி, மறுநாள்தான் டிராக்டரில் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிந்தது. காரியத்துக்கு முதல் நாள் மேகலா தனியாகத் திரும்பி வந்தாள். முற்றத்தில், மரம் இருந்த இடத்தில் குனிந்து மண்ணை அள்ளினாள். நான் ஓடிப்போய் மோட்டார் ரூமைத் திறந்து, அந்த வெண்கலப் பானையைக் கொண்டுவந்து நீட்டினேன்.

“அது சாமிப் பானைங்கக்கா. வேண்டாம்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கைப்பையில் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் டப்பாவில் மண்ணைப் போட்டு மூடிக்கொண்டு கடலுக்குப் போனாள். கூட வரவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தொட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். இரண்டு வயல் தள்ளி, கருவேலம் புதரில், என் பச்சைச் சேலையைச் சுற்றிக்கொண்டு குப்புறக் கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்த தலையாரி, நான்தான் காற்றில் பறந்து விழுந்து செத்துக் கிடக்கிறேன் என்று நினைத்து, அழுதுகொண்டே ஆள் கூட்டி வந்தார். என் உருவத்துக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும், பந்தி முடிந்ததும் என் கொழுந்தனார் ஆரம்பித்துவிடுவார். “எங்க அண்ணி புயலுக்கு ரெடியான கத தெரியுமா?” தலையாரி மாரில் அடித்துக்கொண்டதை நடித்துக் காட்டும்போது பந்தலே சிரிக்கும். நானும் சிரிப்பேன். கதை அங்கே முடிந்துவிடும். கலயத்தைப் பற்றி அவர் சொல்வதில்லை. என்மேல் உள்ள பிரியத்தால்தான் விட்டுவிடுகிறார்.

பெரியவர் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த பிறகு, மாதம் ஒரு தடவை எனக்குப் போன் செய்வார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. கேட்பது ஒரே கேள்வி. “அம்மிணி, வாசல்ல கோலம் போட்டாச்சுங்களா? அவளுக்குக் கோலம்னா உசுருங்க.” போட்டுவிட்டேன் என்பேன். என்ன கோலம் என்று கேட்பார். எத்தனை புள்ளி என்று சொல்வேன். “செரிங்க” என்று வைத்துவிடுவார். அன்றிலிருந்து விடிகாலையில் தண்ணீர் தெளிக்கும்போது, ஓங்கி வீசித் தெளிக்க எனக்குக் கை வருவதில்லை. குனிந்து, தூங்குகிற பிள்ளைமேல் படாத மாதிரிதான் தெளிக்கிறேன். வீட்டுக்குள் விடமாட்டேன் என்றேன். அந்த அம்மாள் என் வாசலிலேயே தங்கிவிட்டார்.

போன தை மாதம் பெரியவரும் போய்விட்டார். நான் விஷயம் தெரிந்துகொண்டது பத்து நாள் கழித்துத்தான். அவரைக் காவிரியில் கரைத்துவிட்டதாக மேகலா சொன்னாள். அந்த அம்மாளோடு சேர்த்து இங்கே கரைத்திருக்கலாமே, என் வீட்டிலேயே வைத்திருந்து கொண்டுபோயிருக்கலாமே என்று சொல்ல நினைத்தேன். “பரவாயில்லைங்கக்கா” என்று அவள் முந்திக்கொண்டாள்.

கதவில் இப்போது வேறு குறிப்பு ஒட்டியிருக்கிறேன். மகன் டைப் அடித்துத் தருகிறேன் என்றான், வேண்டாம் என்று கையாலேயே எழுதினேன். எச்சரிக்கை வந்த அன்றே கிளம்பிவிடுங்கள், வாடகை வேண்டாம். கிளம்ப முடியாவிட்டால் அதிகாரிகள் சொல்கிற இடத்துக்குப் போய்விடுங்கள், எங்கள் வீடு கான்கிரீட் என்று நாங்கள் பெருமை பேசினாலும் கேட்காதீர்கள். காற்று திடீரென்று நின்றால் கதவைத் திறக்காதீர்கள், வீட்டுக்காரம்மா திறந்துவிட்டாலும் வெளியே போகாதீர்கள். நீங்கள் கொண்டுவந்தது எதுவாக இருந்தாலும் வாசலில் வைக்காதீர்கள், கேட்காமலே உள்ளே கொண்டுவாருங்கள். படிக்கிறவர்கள் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இதைப் படிக்கிறவர்கள் கடலோரம் தங்கப் போகிற நாலு பேருக்குச் சொன்னால் எனக்குப் புண்ணியம். ஒரே ஒரு வேண்டுகோள். தொட்டி பறந்ததைச் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். நான் உடனே கையை அசைத்துவிட்டேன் என்று, என்மேல் இரக்கப்பட்டு மாற்றியும் சொல்லாதீர்கள். ஒரு நொடி நின்றேன். அந்த நொடியையும் சேர்த்து, இருந்தது இருந்தபடியே சொல்லுங்கள்.